ரை விஸ்கியும் கோஷர் முத்திரையும்: இந்தப் பீப்பாய் யாருக்குச் சொந்தம்?



தலைப்பைப் பார்த்துவிட்டு, "சார் ரிட்டயர் ஆனதும் இந்தப் பக்கம் இறங்கிவிட்டாரா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை, வரலாற்றுப் பாடம்தான். பாட்டில் ஒரு சாக்கு. வழக்கம்போல நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இருவர் நம் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு ரை விஸ்கி பாட்டிலின் படத்தைப் போட்டு, "இதில் கோஷர் என்று அச்சடித்திருக்கிறது. ரபி வந்து மந்திரம் சொல்லி ஆசீர்வதித்த சரக்கு" என்றார். மற்றவர், "அதெல்லாம் ஒன்றுமில்லை. யூதர்களின் பண்டிகை வந்தால் பீப்பாய்களை வேறொருவர் பெயருக்கு எழுதி வைக்கிறார்கள். சுத்தக் கண்துடைப்பு" என்றார். முதலாமவர் சொன்னது தவறு. இரண்டாமவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்குப் பின்னால் போலந்துக் கிராமத்துச் சாராயக்கடைகளிலிருந்து கென்டக்கி வரை நீளும் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது. குழுவில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ரை என்பது என்ன?

பெயரைக் கேட்டதும் சிலர் ராகி என்று நினைக்கிறார்கள். வடநாட்டில் இருந்தவர்களுக்கு ராய் என்றால் கடுகு. இது இரண்டும் இல்லை. ரை என்பது கோதுமை, பார்லி ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவான ஒரு தானியம். கடுங்குளிரைத் தாங்கும். கோதுமை விளையாத மணல் மண்ணிலும் விளையும். அதனாலேயே வட ஜெர்மனி, போலந்து, லித்துவேனியா, ரஷ்யா ஆகிய பகுதிகளில் ஏழைகளின் அன்றாட உணவு ரை மாவில் சுட்ட கறுப்பு ரொட்டிதான். மிஞ்சிய ரையை ஊறல் போட்டுக் காய்ச்சினார்கள். அங்கே அது வோட்கா ஆனது. அமெரிக்காவுக்குப் போன பிறகு ஓக் மரப் பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்து விஸ்கி ஆனது.

அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்று பெயர் போட வேண்டுமானால் ஊறலில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. "ஸ்ட்ரெய்ட்" என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் கிடந்தது என்று பொருள். நிறமோ சுவையூட்டியோ சேர்க்கவும் கூடாது. கனடாவில் கதை வேறு. அங்கே "ரை" என்பது வழக்கத்தில் கனடா விஸ்கிக்கே பெயராகிவிட்டது. பாதிக்கு மேல் ரை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளில் நாட்டின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது கோஷர்

கோஷர் என்றால் "தகுந்தது" என்று பொருள். யூதர்களின் உணவு விதிகளுக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். ரபி வந்து மந்திரம் ஓதுவதால் எதுவும் கோஷர் ஆவதில்லை. ரபியோ அவர் அனுப்பும் மேற்பார்வையாளரோ செய்வது தணிக்கை வேலை. என்னென்ன உள்ளே போகிறது, எந்தப் பாத்திரத்தில், எந்தக் குழாய் வழியாகப் போகிறது என்று பார்த்து, குறித்து, கையெழுத்துப் போடுவார். மாணவர்கள் நோட்டைத் திருத்தி ஓரத்தில் கையொப்பம் இடும் வேலை போன்றது.

பொதுவாகத் தானியம், தண்ணீர், ஈஸ்ட் மூன்றும் கோஷர்தான். அப்படியானால் விஸ்கிக்கு முத்திரை எதற்கு? நான்கு கேள்விகள் எழுகின்றன.

முதல் கேள்வி, உள்ளே வேறு என்ன சேர்த்தார்கள்? திராட்சை ரசத்துக்கு யூத மரபில் தனிக் கட்டுப்பாடு உண்டு. பிற மத வழிபாட்டில் மது படைக்கும் வழக்கம் இருந்த பழங்காலத்தில் பிறந்த விதி அது. யூதரல்லாதவர் செய்த திராட்சை மது அவர்களுக்கு ஆகாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கலப்பு விஸ்கிகளில் சுவைக்காகக் கொஞ்சம் திராட்சை மது சேர்க்கும் வழக்கம் இருந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த பெரும் சட்ட அறிஞரான ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் (1895–1986) இதை ஆராய்ந்து, ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் குடிப்பதற்குத் தடையில்லை என்றார். கூடவே, பேணுதலுள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது என்றும் எழுதினார். ஸ்ட்ரெய்ட் ரையில் எதுவும் சேர்க்கக் கூடாது என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, எந்தப் பீப்பாய்? ஸ்காட்லாந்து விஸ்கிகள் சிலவற்றை ஷெர்ரி என்னும் ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மது இருந்த பழைய பீப்பாய்களில் வைப்பார்கள். அது ஆகுமா ஆகாதா என்று இன்றும் ரபிகளுக்குள் வாதம் நடக்கிறது. அமெரிக்க ரைக்குப் புதிய பீப்பாய் என்பதால் பெரும்பாலும் இதுவும் இல்லை.

மூன்றாவது, எந்த இயந்திரம்? அதே ஆலையில், அதே குழாய்களில் பிராந்தியோ கிரீம் மதுவோ ஓடியிருந்தால் அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நான்காவது கேள்விதான் வரலாற்று ஆசிரியனுக்கு வேலை வைக்கிறது. பஸ்கா பண்டிகையின்போது அந்தப் பீப்பாய் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

பஸ்காவும் புளித்த தானியமும்

எகிப்தில் அடிமைப்பட்டிருந்து வெளியேறியதன் நினைவாக யூதர்கள் வசந்த காலத்தில் கொண்டாடுவது பஸ்கா. இஸ்ரேலில் 7 நாள், மற்ற நாடுகளில் 8 நாள். அந்த நாட்களில் புளித்த தானியப் பண்டம் எதையும் உண்ணக் கூடாது. உண்ணாமல் இருந்தால் மட்டும் போதாது. வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, சொந்தமாகக் கொண்டிருக்கவும் கூடாது. அந்தப் பண்டத்துக்கு எபிரேய மொழியில் ஹமேத்ஸ் என்று பெயர். கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் கோதுமை, ஓட்ஸ், ரை ஆகிய ஐந்தும் இந்த விதிக்கு உட்பட்ட தானியங்கள் என்பது ஐரோப்பிய யூத மரபு. (பண்டைய பாலஸ்தீன மண்ணில் ரை விளைந்ததா என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள். ஆனால் ஐரோப்பாவில் ரை ரொட்டி தின்று வாழ்ந்த யூதர்கள் அதைப் பட்டியலில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.) தானியத்தை ஊற வைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சும் விஸ்கி அப்பட்டமான ஹமேத்ஸ்.

இன்னொரு விதியும் உண்டு. யூதர் ஒருவர் பஸ்கா நாட்களில் ஹமேத்ஸைத் தன் உடைமையாக வைத்திருந்தால், பண்டிகை முடிந்த பிறகும் அதை எந்த யூதரும் உண்ணக் கூடாது. விதியை மீறியவர் அதனால் லாபம் அடையக் கூடாது என்பதற்காக ரபிகள் போட்ட தண்டம் இது.

வீட்டில் இருப்பது நாலு ரொட்டி என்றால் தின்று தீர்க்கலாம், எரித்துவிடலாம். கிடங்கு நிறையச் சாராயம் இருந்தால்? அதுதான் போலந்தில் வந்த சிக்கல்.

போலந்தின் சாராயக்கடைகள்

பதினாறாம் நூற்றாண்டு முதல் போலந்து-லித்துவேனியா நாட்டில் மது காய்ச்சவும் விற்கவும் உரிமை நிலப்பிரபுக்களுக்கு மட்டுமே இருந்தது. தங்கள் பண்ணையில் விளைந்த தானியத்தை விஸ்துலா ஆற்றில் படகேற்றி, க்டான்ஸ்க் துறைமுகம் வழியே மேற்கு ஐரோப்பாவுக்கு விற்றுச் செழித்தவர்கள் அவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் போர்களாலும் விலைச் சரிவாலும் அந்த ஏற்றுமதி நொடித்தது. மிஞ்சிய ரையைச் சாராயமாக்கித் தங்கள் குடியானவர்களுக்கே விற்றால் லாபம் என்று பிரபுக்கள் கண்டுகொண்டார்கள். பல ஊர்களில் குடியானவன் தன் பிரபுவின் கடையில்தான் குடிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது.

கடையை நடத்தப் பிரபு உட்காருவாரா? குத்தகைக்கு விட்டார். குத்தகை எடுத்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அவர்களுக்கு நிலம் வைத்துக்கொள்வதிலும் பல தொழில்களில் சேருவதிலும் தடைகள் இருந்தன. எழுத்தும் கணக்கும் தெரியும். குடித்து அழிக்க மாட்டார்கள் என்று பிரபுக்கள் நம்பினார்கள். என்ன பணம் சேர்த்தாலும் பிரபுவுக்கு அரசியல் போட்டியாக அவர்களால் வர முடியாது. பிரபுவுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். லாபம் பிரபுவுக்குப் போனது. குடியானவன் தினமும் பார்த்தது கல்லாவில் உட்கார்ந்திருந்த யூதரை. குடும்பம் அழிந்தபோது அவன் கோபம் யார் மீது பாய்ந்திருக்கும்? 1648இல் உக்ரைனில் க்மெல்னித்ஸ்கி தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் போலந்துப் பிரபுக்களோடு சேர்த்து யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். குத்தகைதாரர்கள் மீதிருந்த வெறுப்பும் அதற்கு ஒரு காரணம். 1804இல் ரஷ்யப் பேரரசு சட்டம் போட்டது: கிராமத்து மதுக்கடைக் குத்தகை யூதர்களுக்குக் கூடாது என்று. குடியானவர்களின் வறுமைக்கு அவர்களே காரணம் என்பது அரசின் வாதம். பிரபுக்களின் மது உரிமையை அந்தச் சட்டம் தொடவில்லை.

இந்தச் சூழலில் பஸ்கா வந்தால் குத்தகைதாரர் என்ன செய்வார்? பீப்பாய்களைத் தெருவில் கொட்டினால் அந்த ஆண்டுக் குத்தகைப் பணம் கட்ட முடியாது. குடும்பம் தெருவுக்கு வரும். கொட்டாவிட்டால் விதி மீறல்.

வழி பழைய நூல்களிலேயே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்ட தொசெஃப்தா என்ற சட்டத் தொகுப்பில் ஒரு காட்சி வருகிறது. யூதரும் யூதரல்லாதவரும் கப்பலில் போகிறார்கள். யூதர் கையில் ஹமேத்ஸ் இருக்கிறது, பஸ்கா நெருங்குகிறது. அவர் அதை மற்றவருக்கு விற்கலாம், அல்லது கொடுத்துவிடலாம். பண்டிகைக்குப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, கொடுப்பது முழுமையாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

கப்பலில் ஒரு மூட்டைக்குச் சொன்னதைக் கிடங்கு முழுவதற்கும் விரித்தவர்களில் முக்கியமானவர் கிராக்கோவ் நகரின் ரபி யோவெல் சிர்கஸ் (1561–1640). இந்த நாட்டில் நம் மக்களின் பிழைப்பே மது வியாபாரத்தில் இருக்கிறது, அத்தனை பீப்பாய்களையும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்பதை வெளிப்படையாகவே காரணம் காட்டினார் அவர். சரக்கை விற்கும்போது அது இருக்கும் அறையையும் சேர்த்து விற்றுவிடலாம் என்றார். சரக்கு நகராது, அதைச் சுற்றியுள்ள இடம் கை மாறும். பின்னாளில் இந்த முறை எல்லா யூத வீடுகளுக்கும் பரவியது. இன்று ஊர் ரபி எல்லோருடைய சார்பிலும் ஒரே ஒப்பந்தத்தில் விற்கிறார். வாங்குபவர் முன்பணம் கொடுக்கிறார். இஸ்ரேல் அரசே தன் கையிருப்பை ஆண்டுதோறும் யூதரல்லாத ஒருவருக்கு இப்படித்தான் விற்கிறது.

கடல் தாண்டிய ரை

இனி அமெரிக்கா. அங்கே ரையைக் கொண்டுபோனவர்கள் யூதர்கள் அல்ல. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களும், ஸ்காட்லாந்து வழிவந்த அயர்லாந்துக்காரர்களும் ரை விதைத்துக் காய்ச்சினார்கள். மலைக்கு அப்பால் இருந்த உழவர்களுக்குத் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு கட்டுப்படியாகாது. விஸ்கியாக்கிவிட்டால் ஒரு குதிரையில் பல மடங்கு தானியத்தின் மதிப்பு ஏறிவிடும். 1791இல் அரசு விஸ்கிக்கு வரி போட்டதும் அவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1794இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக் கிளர்ச்சியை அடக்கினார்.

அதே வாஷிங்டன் 1797இல் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் சொந்தமாகவே வடிசாலை வைத்தார். ஊறலில் 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் முளை கட்டிய பார்லி. 1799இல் கிட்டத்தட்ட 11,000 கேலன் காய்ச்சினார்கள். மேற்பார்வை ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அடுப்படியில் வெந்தவர்கள் அடிமைகளான ஆறு பேர். மதுவின் வரலாற்றில் உழைப்பவர் ஒருவர், லாபம் பார்ப்பவர் ஒருவர், பழி சுமப்பவர் ஒருவர் என்பது எல்லா நாட்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

யூதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து 1867இல் வந்த ஐசக் வுல்ஃப் பெர்ன்ஹைம் பென்சில்வேனியாவில் குதிரையில் மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர். குதிரை செத்துப்போக, கென்டக்கிக்குப் போய், 1872இல் தம்பியோடு மது வியாபாரம் தொடங்கினார். தன் விஸ்கிக்கு வைத்த பெயர் ஐ. டபிள்யூ. ஹார்ப்பர். முதல் இரண்டு எழுத்துகள் அவருடையவை. குடும்பப் பெயரை மட்டும் போடவில்லை. பெர்ன்ஹைம் என்று போட்டால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கு அந்தக் காலத்து வியாபாரிக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1881க்கும் 1924க்கும் இடையில் ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் 20 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். 1890களில் ரஷ்ய அரசு வோட்கா விற்பனையைத் தன் ஏகபோகமாக்கியதில் பிழைப்பை இழந்த சாராயக்கடைக் குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. கனடாவில் சீகிராம் நிறுவனத்தை வாங்கிப் பெரிதாக்கிய சாமுவேல் பிரான்ஃப்மனின் குடும்பமும் ரஷ்யப் பேரரசின் பெசராபியாவிலிருந்து வந்ததுதான். இத்திஷ் மொழியில் "பிரான்ஃபன்" என்றால் சாராயம். தொழிலே குடும்பப் பெயரான கதை.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. சமயச் சடங்குக்கான திராட்சை மதுவுக்கு விலக்கு உண்டு. யூதக் குடும்பங்களுக்கு ரபி மூலம் கொடுக்கலாம். உடனே போலி ரபிகள் முளைத்தார்கள். கூட்டமே இல்லாத தொழுகைக் கூடங்களுக்கு மது போனது. வெட்கமும் கோபமும் கொண்ட ரபிகளும் இருந்தார்கள். நியூயார்க் அறிஞர் லூயி கின்ஸ்பெர்க் 1922இல், புளிக்காத திராட்சைச் சாறே சடங்குக்குப் போதும் என்று விரிவான தீர்ப்பு எழுதினார். இதே ஆண்டுகளில் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் "டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்" பத்திரிகை, நல்ல அமெரிக்க விஸ்கியைக் கெடுத்தவர்கள் யூதர்கள்தான் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியது. உக்ரைனில் கேட்ட அதே பழி, கடல் தாண்டியும் வந்து நின்றது.

மதுவிலக்கு ரையை அடியோடு சாய்த்தது. பென்சில்வேனியா, மேரிலாந்து ஆலைகள் பெரும்பாலும் மீளவில்லை. மக்காச்சோளத்தில் செய்யும் கென்டக்கி போர்பன் முந்திக்கொண்டது. பல பத்தாண்டுகள் ரை கடையின் கீழ்த்தட்டில் கிடந்தது. இந்த நூற்றாண்டில்தான் மறுபடியும் தேடி வாங்குகிறார்கள்.

ஏழு பஸ்காக்களைக் கண்ட பீப்பாய்

இப்போது நம் மாணவர் படம் போட்ட பாட்டிலுக்கு வருவோம். கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருக்கும் பஃபலோ டிரேஸ் ஆலை தயாரித்த கோஷர் ஸ்ட்ரெய்ட் ரை அது. ஆலை சசெராக் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனம் நியூ ஆர்லியன்ஸின் கோல்ட்ரிங் என்ற யூதக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. புரிகிறதா? உரிமையாளர் யூதர் என்பதாலேயே பஸ்கா கேள்வி எழுகிறது. ரொட்டி ஒரு நாளில் தீரும். விஸ்கி ஏழு ஆண்டு பீப்பாயில் கிடந்தால் ஏழு பஸ்காவைக் காண்கிறது. ஏழு முறையும் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும்.

2010இல் சிகாகோ ரபிகள் மன்றத்துடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஆலையின் பாத்திரங்களைச் சுத்தம் செய்தார்கள். பீப்பாய் நிரப்பும்போது ரபி உடனிருந்தார். நிரப்பிய பீப்பாய்களின் உரிமையை யூதரல்லாத நிர்வாகி ஒருவருக்கு ஒப்பந்தம் எழுதி விற்றார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டு கிடந்தபின் குழாய்களை அலசி, பாட்டிலில் அடைத்தார்கள். 2020இல் பஸ்கா முடிந்தபின் கடைக்கு வந்தது. ஆல்கஹால் 47 சதவீதம்.

சரி, இது கண்துடைப்பா?

என் பதில், விற்பனை உண்மையாக இருக்கும்வரை இல்லை. ஒப்பந்தப்படி வாங்கியவர் மீதிப் பணத்தைக் கட்டிவிட்டுச் சரக்கைக் கொண்டுபோக விரும்பினால், தடுக்க விற்றவருக்கு உரிமை இல்லை. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். யூதர்களுக்குள்ளேயே இதை முழுமனதாக ஏற்காதவர்கள் உண்டு. வில்னா நகரத்து மேதை என்று போற்றப்படும் ரபி எலியா (1720–1797) இப்படி விற்று மீட்ட ஹமேத்ஸை உண்பதில் கடுமை காத்தார். இன்றும் அவர் வழியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மாணவர் கேட்ட கேள்வி அவர்களுக்கும் தெரியாததல்ல.

ஆனால் அந்த ஏற்பாடு யாருக்காகப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. வேறு தொழில் மறுக்கப்பட்டு, பிரபுவின் சாராயத்தை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டு, அதற்காகவே வெறுக்கவும்பட்ட மக்களுக்காக. அவர்களிடம் "பீப்பாயைக் கொட்டிவிடு" என்று சொல்வது ரபி சிர்கஸுக்கு எளிது. விதியைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் எளிது. இரண்டையும் செய்யாமல், விதியும் நிற்க வேண்டும், குடும்பமும் பிழைக்க வேண்டும் என்று யோசித்தார். சட்டம் படிக்கும் என் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்படி மதிப்பிடுவது, எப்படிப் பருகுவது?

சென்ற ஆண்டு மகள் வீட்டில் மாப்பிள்ளை இந்த ரையில் 30 மில்லி ஊற்றிக் கொடுத்தார். (என் தங்கை படித்துவிட்டு போன் செய்ய வேண்டாம், 30 மில்லி மட்டும்தான்.) முதலில் மணத்தைப் பார்க்க வேண்டும். மூக்கைக் கண்ணாடிக் குவளைக்குள் நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு மெல்ல முகர்ந்தால் காரநெடி குறைந்து மணம் தெரியும். காய்ச்சிய சர்க்கரைப் பாகு, மிளகு, கொஞ்சம் புதினா என்று எனக்குத் தோன்றியது. வாயில் முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் மிளகுக் காரம். ரையின் அடையாளம் அந்தக் காரம்தான். 47 சதவீதம் என்பதால் சில துளி தண்ணீர் விட்டதும் மணம் விரிந்தது. ஐஸ் போட்டால் காரம் அடங்கும், மணமும் அடங்கும்.

முத்திரை இருப்பதால் ருசி கூடியதா? இல்லை. முத்திரை ருசிக்குச் சாட்சி சொல்வதில்லை. நடந்த விதத்துக்குச் சாட்சி சொல்கிறது. ருசியை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

ஒன்று கவனியுங்கள். ரை விஸ்கியில் செய்யும் புகழ்பெற்ற கலவை மன்ஹாட்டன். அதில் வெர்மூத் என்ற வாசனைத் திராட்சை மது சேரும். கோஷர் பேணும் நண்பருக்கு, கோஷர் ரையில் சாதாரண வெர்மூத்தைக் கலந்து கொடுத்தால், பத்தாண்டு பாடுபட்ட வேலை ஒரு கரண்டியில் கெட்டுப்போகும். அவருக்குச் சும்மா தண்ணீர் சேர்த்துக் கொடுப்பதே மரியாதை. பஸ்கா வாரத்தில் எந்த விஸ்கியையும் நீட்டாதீர்கள். கோஷர் முத்திரை இருந்தாலும் அது ஹமேத்ஸ்தான். மற்ற நாட்களில், சனிக்கிழமை காலைத் தொழுகை முடிந்து ஒரு சிறு கிண்ணம் விஸ்கியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய வழக்கம். கிண்ணத்தைத் தூக்கி "லெ ஹாயிம்" என்பார்கள். வாழ்வுக்காக என்று பொருள்.

குடிக்காதவர்கள் இந்தப் பதிவைக் காரணம் காட்டித் தொடங்க வேண்டாம். மருத்துவர் கூடாது என்றவர்கள் கண்டிப்பாக வேண்டாம். வரலாற்றைப் படிக்கத் தொண்டையை நனைக்க வேண்டியதில்லை.

வழக்கம்போல ஒரு வீட்டுப்பாடம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பிஸ்கட், சாக்லேட் பாக்கெட் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். சிறு வட்டத்துக்குள் ஆங்கில "யு" எழுத்து தெரிந்தால், அது 1898இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஆர்த்தடாக்ஸ் யூனியன் அமைப்பின் கோஷர் முத்திரை. 1923இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் டின் பீன்ஸில் தொடங்கிய வேலை அது. எந்தப் பாக்கெட்டில் பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வாதம் செய்த இருவரும் முதலில் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்